அம்மாவுக்கு எந்த ஆன்டிபயாடிக்?

சென்ற ஆவணியில், திருச்சியில் நாங்கள் பார்க்கும் குடல்நோய் மருத்துவர், அம்மாவின் மூச்சுப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு ஒரு தாளில் மூன்று மருந்துகளின் பெயர்களை எழுதினார்: ரிஃபாக்சிமின், மெட்ரோனிடசோல், சிப்ரோஃப்ளாக்சசின். "அம்மாவுக்குச் சிறுகுடலில் பாக்டீரியா அளவுக்கு மீறிப் பெருகியிருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். இந்த மூன்றுமே இதற்குக் கொடுக்கப்படுகிற மருந்துகள். என் மனத்தில் ஒன்று இருக்கிறது. ஆனால் விலை, பக்கவிளைவு எல்லாம் தெரிந்துகொண்டு நீங்களும் யோசியுங்கள், வெள்ளிக்கிழமை பேசுவோம்" என்றார். நோயாளியின் வீட்டாரை யோசிக்கச் சொல்லும் மருத்துவர் வாய்ப்பது அபூர்வம் என்பதால், அந்தத் தாளைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டு கும்பகோணம் பேருந்தில் ஏறினேன். அதன்பின் இரண்டு நாட்கள் நான் படித்ததையும், பின்னர் ஏழு மாதங்களில் அம்மாவின் உடம்பில் கண்டதையும் இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்ல. மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பிப்பவள். ஆகவே இது எவருக்கும் மருந்துச் சீட்டு ஆகாது. எனினும் இதே கோளாறோடு அலைகிற குடும்பங்கள் பல உண்டு என்று தெரிந்துகொண்டேன். தமிழில் இதைப் பற்றித் தேடியபோது எனக்குப் பயன்படும்படி எதுவும் கிடைக்கவில்லை.

அம்மாவுக்கு வயது 68. சர்க்கரை நோய் 19 ஆண்டுகளாக இருக்கிறது. அதற்காக மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு என்ற இரண்டு மாத்திரைகளை அப்போது சாப்பிட்டுவந்தார். பாதங்களில் மரத்துப்போன உணர்வு நான்கைந்து ஆண்டுகளாகவே உண்டு. சிறுநீரகம் சற்றுத் தளர்ந்து கிரியாட்டினின் 1.4-இல் நிற்கிறது. 24 வயதில் குடல்வால் அறுவை நடந்தது. எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு நெஞ்செரிச்சலுக்காகத் தொடங்கிய 'கேஸ் மாத்திரை', அதாவது பான்டோப்ரசோல், யாரும் நிறுத்தச் சொல்லாததால் நாள்தோறும் காலையில் தொடர்ந்தது. இந்த விவரங்கள் ஒவ்வொன்றும் மருந்தைத் தேர்ந்தெடுக்கும்போது குறுக்கே வந்து நின்றன என்பதால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

தொல்லை தொடங்கி ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. இரண்டு இட்லி சாப்பிட்டாலே அரை மணி நேரத்தில் வயிறு மத்தளம் போல உப்பிவிடும், ஏப்பம் ஓயாது, நாளுக்கு ஐந்தாறு முறை இளகலாகப் போகும். 58 கிலோ இருந்தவர் 51 கிலோவுக்கு வந்துவிட்டார். கல்யாண வீடுகளுக்குப் போவதையும், கோயிலில் சிறிது நேரம் உட்கார்வதையும்கூட அவர் விட்டுவிட்டது எனக்குப் பெரிய வருத்தம். உள்ளூரில் நாங்கள் பார்த்துவந்த மருத்துவர் ஒவ்வொரு முறையும் ஆஃப்ளாக்சசினும் ஆர்னிடசோலும் சேர்ந்த ஆன்டிபயாடிக் மாத்திரையை ஐந்து நாளுக்கு எழுதினார். ஒரே ஆண்டில் ஐந்து முறை அதை வாங்கியிருக்கிறோம். ஒவ்வொரு முறையும் பத்து, பதினைந்து நாள் வயிறு அடங்கும். பிறகு பழையபடி ஆகிவிடும். ஏன் அடங்குகிறது, ஏன் திரும்புகிறது என்று அவர் கேட்கவில்லை; நானும் கேட்கவில்லை. நான் கேட்டிருக்க வேண்டும் என்ற எண்ணம் இன்றும் என்னை விட்டுப் போகவில்லை. ஏனென்றால், திருச்சி மருத்துவர் முதன்முதலில் பிடித்துக்கொண்ட தடயமே அதுதான்.

நம் பெருங்குடலில் ஒரு மில்லிலிட்டருக்குப் பத்தாயிரம் கோடிக்கும் மேல் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. சிறுகுடலின் மேற்பகுதியிலோ இயல்பாக ஆயிரத்துக்கும் குறைவாகவே இருக்கும். இரைப்பையின் அமிலம் வருகிறவற்றைக் கொல்கிறது, பித்தநீர் ஒடுக்குகிறது, சிறுகுடலுக்கும் பெருங்குடலுக்கும் இடையே உள்ள வால்வு கீழே இருப்பவற்றை மேலே ஏறவிடாமல் தடுக்கிறது. இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, வயிறு காலியாக இருக்கும் நேரத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறைபோல இரைப்பையிலிருந்து கீழ்நோக்கிப் புறப்படும் ஒரு பெரிய சுருக்க அலை. சாப்பாட்டு மிச்சத்தையும் கிருமிகளையும் அது பெருக்கித் தள்ளிக்கொண்டு போகிறது. நீண்டகாலச் சர்க்கரை நோய் குடலின் நரம்புகளைத் தாக்கும்போது இந்த அலை தளர்கிறது. கேஸ் மாத்திரை அமிலத்தைக் குறைக்கிறது. அப்படித் தங்கிவிடும் பாக்டீரியாக்கள், நாம் செரிக்கவேண்டிய மாவுச்சத்தை நமக்கு முன்பாகவே நொதிக்கவைத்து வாயுவாக்கிவிடுகின்றன. பித்த உப்புகளைச் சிதைத்துக் கொழுப்புச் செரிமானத்தைக் கெடுக்கின்றன. பி12 வைட்டமினை எடுத்துக்கொண்டு ஃபோலேட்டை உண்டாக்குகின்றன. அம்மாவின் இரத்தத்தில் பி12 குறைவாகவும், அவர் எந்தச் சத்து மாத்திரையும் சாப்பிடாத நிலையிலும் ஃபோலேட் உச்ச வரம்பைத் தாண்டியும் இருந்தது. மெட்ஃபார்மினும் பி12-ஐக் குறைக்கும், வயிற்றுப்போக்கையும் தரும் என்பதால் மருத்துவர் முதலில் அதைத்தான் சந்தேகித்தார். ஒரு மாதம் அதை நிறுத்திப் பார்த்தும் வயிற்றில் மாற்றமில்லை என்றான பிறகே அடுத்த படிக்குப் போனார்.

அந்தப் படி மூச்சுப் பரிசோதனை. மனித உயிரணுக்கள் ஹைட்ரஜனை உண்டாக்குவதில்லை. குடலில் பாக்டீரியாக்கள் சர்க்கரையை நொதிக்கவைக்கும்போதுதான் அது உண்டாகி, இரத்தத்தில் கலந்து, மூச்சில் வெளியேறுகிறது. முந்தின நாள் பருப்பு, வெங்காயம், பால், காய்கறி எதுவும் கூடாது என்றார்கள். வெள்ளைச் சோற்றின் மாவுச்சத்து ஏறத்தாழ முழுவதும் சிறுகுடலிலேயே செரித்துவிடும் என்பதால், அம்மா அன்று வெறும் சோறும் உப்பும் நெய்யுமாகச் சாப்பிட்டுவிட்டு இரவு முழுவதும் பட்டினி இருந்தார். 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் பரிசோதனை ஓரளவு நம்பகமானது. ஆனால் சர்க்கரை நோயாளிக்கு அதைக் கொடுப்பதில் தயக்கம் இருந்ததால் 10 கிராம் லாக்டுலோஸ் கொடுத்தார்கள். தொடக்கத்தில் பத்து லட்சத்தில் 7 பங்காக இருந்த ஹைட்ரஜன், 80-ஆம் நிமிடத்தில் 38 ஆனது. 90 நிமிடத்துக்குள் 20 பங்கு உயர்ந்தால் கோளாறு இருப்பதாகக் கொள்ளலாம் என்பது 2017-இல் வட அமெரிக்க வல்லுநர்கள் வகுத்த அளவு.

இந்த இடத்தில் எனக்கு வந்த முதல் ஐயத்தைச் சொல்ல வேண்டும். லாக்டுலோஸ் நம் உடம்பில் உறிஞ்சப்படாமல் பெருங்குடல் வரை போய்ச் சேரும் சர்க்கரை. வயிற்றுப்போக்கு உள்ளவருக்குக் குடல் வேகமாக ஓடுவதால், 80-ஆம் நிமிடத்தில் அது பெருங்குடலையே எட்டியிருந்து, அங்கே உண்டான வாயுவை நாம் சிறுகுடலின் கணக்கில் எழுதிக்கொள்ள வாய்ப்புண்டு. லக்னோவின் சஞ்சய் காந்தி முதுநிலை மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றிய உதய் சந்த் கோஷால் போன்றவர்கள் இந்தக் குறையை நெடுநாளாக எழுதிவருகிறார்கள். நான் இதைக் கேட்டபோது மருத்துவர் மறுக்கவில்லை. "இந்த ஒரு தாளை மட்டும் வைத்து நான் மருந்து கொடுக்கவில்லை. பி12, ஃபோலேட், எடைக் குறைவு, பழைய மாத்திரைகளுக்கு வயிறு அடங்கிய விதம், எல்லாம் ஒரே பக்கம் கை காட்டுகின்றன" என்றார். குழல் விட்டுச் சிறுகுடல் நீரை எடுத்து வளர்த்துப் பார்ப்பதே நேரடியான வழி என்றாலும், எங்கள் ஊர்ப்பக்கம் அது எளிதில் நடப்பதாக இல்லை.

இனி அந்த மூன்று பெயர்கள். அமெரிக்கக் குடல்நோய் மருத்துவக் கல்லூரி என்னும் மருத்துவர் அமைப்பு 2020-இல் வெளியிட்ட வழிகாட்டியில் உள்ள பட்டியல் இன்னும் நீளமானது. அமாக்சிசிலின்-கிளாவுலனேட், டாக்சிசைக்ளின், டெட்ராசைக்ளின், நார்ஃப்ளாக்சசின், கோட்ரைமாக்சசோல், நியோமைசின் ஆகியவையும் அதில் இருக்கின்றன. அறிகுறி உள்ள நோயாளிகளுக்கு ஆன்டிபயாடிக் தரலாம் என்று அது பரிந்துரைக்கிறது. ஆனால் அந்தப் பரிந்துரைக்கு அடிப்படையான சான்றுகளின் தரம் குறைவு என்பதையும் அதே வரியில் ஒப்புக்கொள்கிறது. இதைப் படித்தபோது முதலில் சோர்வு வந்தது. பிறகு, இந்த நேர்மைதான் நமக்கு வேண்டியது என்று தோன்றியது. எந்த மருந்தும் உறுதியான வெற்றி என்று எவரும் சொல்லாதபோது, ஒரு மருந்து என்ன நன்மை செய்யும் என்பதோடு, இந்த உடம்புக்கு அது என்ன தீங்கு செய்யக்கூடும் என்பதையும் அதே தராசில் வைக்க வேண்டியிருக்கிறது.

சிப்ரோஃப்ளாக்சசினைத்தான் முதலில் ஒதுக்கினேன். மலிவானது, எங்கும் கிடைப்பது, பாக்டீரியாவைக் கொல்வதில் குறைவில்லாதது. ஆனால் அந்தக் குடும்பத்து மருந்துகளுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-இல் தசைநாண் கிழியும் அபாயத்துக்காகக் கட்டமிட்ட எச்சரிக்கை விதித்தது. 60 வயதைக் கடந்தவர்களுக்கு அந்த அபாயம் கூடுதல். 2013-இல் நிலையான நரம்புப் பாதிப்பு பற்றிய எச்சரிக்கையும், 2018-இல் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடுவது பற்றிய எச்சரிக்கையும் வந்தன. கிளிமிபிரைடு சாப்பிடும் ஒருவருக்குச் சர்க்கரை திடீரென இறங்குவது கற்பனையான அபாயம் அல்ல. அம்மா ஒருமுறை விடியற்காலையில் வியர்த்து விறுவிறுத்துப் பேச்சுக் குழறியதை நான் பார்த்திருக்கிறேன். ஏற்கெனவே மரத்துப்போன பாதங்களுக்கு மேல் இன்னொரு நரம்புத் தொல்லையைச் சேர்க்க மனம் வரவில்லை. ஓராண்டில் ஐந்து முறை நாங்கள் வாங்கிக் கொடுத்த ஆஃப்ளாக்சசினும் இதே குடும்பம்தான் என்பது அன்றிரவு படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

மெட்ரோனிடசோலை அவ்வளவு எளிதாக ஒதுக்க முடியவில்லை. நம் நாட்டில் அதை அறியாத வீடே இருக்காது. இரண்டு வாரத்துக்கான மாத்திரைகள் நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். காற்றில்லாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்களை அது நன்றாகத் தாக்கும். குடல் அறுவைக்குப் பின் ஒரு கண்ணி தனித்து நின்று அங்கே கிருமி தேங்கும் நோயாளிகளுக்கு இன்றும் அதைப் பலர் விரும்பிக் கொடுக்கிறார்கள். ஆனால் இத்தாலியில் நடந்து 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், ஏழு நாள் மருந்துக்குப் பிறகு ரிஃபாக்சிமின் எடுத்தவர்களில் நூற்றுக்கு 63 பேருக்கும் மெட்ரோனிடசோல் எடுத்தவர்களில் 44 பேருக்கும் மூச்சுப் பரிசோதனை இயல்புக்குத் திரும்பியது. பக்கவிளைவும் மெட்ரோனிடசோல் பக்கமே மிகுதி. வாயில் உலோகக் கசப்பும் குமட்டலும் அதன் கூடப்பிறந்தவை. ஏழு கிலோ இளைத்து, சாப்பாட்டைக் கண்டாலே அஞ்சுகிற ஒருவருக்கு வாய்க் கசப்பு சிறிய விஷயமல்ல. நீண்ட நாள் எடுத்தால் அதுவும் கைகால் நரம்புகளைப் பாதிக்கும். பதினான்கு நாளில் அப்படி ஆவது அரிது என்றாலும், இந்தக் கோளாறு திரும்பத் திரும்ப வருவது. முதல் சுற்றுக்கு எதைக் கொடுக்கிறோமோ அதையே மூன்றாம், நான்காம் சுற்றுக்கும் கொடுக்க நேரலாம் என்று கணக்கிட்டால் விடை மாறிவிடுகிறது.

தாளில் இல்லாத மருந்துகளையும் ஒரு பார்வை பார்த்தேன். கோட்ரைமாக்சசோல் கிளிமிபிரைடோடு சேர்ந்தால் சர்க்கரையை இறக்கும், தளர்ந்த சிறுநீரகத்தில் பொட்டாசியத்தை ஏற்றும். அமாக்சிசிலின்-கிளாவுலனேட் வயிற்றுப்போக்கையே பக்கவிளைவாகக் கொண்டது. நியோமைசின் வேறு வகை நோயாளிகளுக்கானது. மூச்சில் ஹைட்ரஜனுக்குப் பதிலாக மீத்தேன் 10 பங்கும் அதற்கு மேலும் இருந்தால், அதை உண்டாக்குவது பாக்டீரியா அல்ல, ஆர்க்கியா என்னும் வேறொரு நுண்ணுயிர்ப் பிரிவு. அவர்களுக்குப் பெரும்பாலும் மலச்சிக்கல் இருக்கும். ரிஃபாக்சிமினோடு நியோமைசினையும் சேர்த்துத் தருவது அங்கே தனித்தனியாகத் தருவதைவிட நல்ல பலன் தந்திருக்கிறது. அம்மாவின் மீத்தேன் அளவு 4-ஐத் தாண்டவில்லை. நியோமைசின் காதையும் சிறுநீரகத்தையும் தாக்கக்கூடியது என்பதால், அந்தத் தேவை வராமல் போனதற்கு நான் நன்றி சொன்னேன்.

டெட்ராசைக்ளினைப் பற்றிப் படித்தபோது எதிர்பாராமல் வேலூருக்குப் போய்ச் சேர்ந்தேன். 1960-களில் வட ஆற்காடு மாவட்டக் கிராமங்களில் வெப்பமண்டலச் சத்துறிஞ்சாக் கழிச்சல் கொள்ளைநோய் போலப் பரவியபோது, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கரும் வி. ஐ. மாத்தனும் அவர்களுடைய குழுவினரும் அதை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். அந்நோய்க்கு டெட்ராசைக்ளினையும் ஃபோலிக் அமிலத்தையும் மாதக்கணக்கில் கொடுப்பது வழக்கமானது. அவர்களுடைய வேலையில் என்னை நிறுத்தி யோசிக்கவைத்தது வேறொன்று: நோயில்லாத தென்னிந்தியர்களின் சிறுகுடலிலும் கணிசமான பாக்டீரியா இருந்ததை அவர்கள் கண்டிருக்கிறார்கள். வேறு நாட்டு உடம்புகளை வைத்து வகுத்த எண்ணிக்கை நம் ஊருக்கு அப்படியே பொருந்துமா என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது. பரிசோதனைத் தாளில் 'பாசிட்டிவ்' என்று வந்ததை மட்டும் பார்த்து, தொல்லையே இல்லாதவருக்கு மருந்து கொடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆக, எஞ்சியது ரிஃபாக்சிமின். அதன் சிறப்பு, அது குடலை விட்டு வெளியே போவதில்லை என்பதுதான். விழுங்கியதில் நூற்றில் அரைப் பங்குகூட இரத்தத்தில் சேர்வதில்லை. அதனால் சிறுநீரகத்தைக் கணக்கில் எடுத்து அளவைக் குறைக்க வேண்டியதில்லை, கிளிமிபிரைடோடு மோதாது, பாதத்து நரம்புக்குப் போகாது. வேதியியல் படித்தவள் என்ற முறையில் என்னைக் கவர்ந்த செய்தி, நீரில் கரையாத அம்மருந்து பித்தநீரில் கரையும் என்பது. பித்தநீர் நிறைந்திருக்கும் சிறுகுடலில் அது முழு வீரியத்தோடு வேலை செய்கிறது. பித்த உப்புகள் உறிஞ்சப்பட்டுவிட்ட பெருங்குடலை அடையும்போது வீரியம் வெகுவாகக் குறைந்துவிடுவதால், அங்கே இருக்கவேண்டிய நுண்ணுயிர்கள் பெருமளவு தப்பிக்கின்றன.

அதற்காக அதை அமிர்தம் என்று எண்ணிவிடவும் முடியாது. 32 ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான பகுப்பாய்வு, ரிஃபாக்சிமின் நூற்றுக்கு 71 பேருக்குப் பரிசோதனையை இயல்பாக்குகிறது என்கிறது. அதே மருந்தை மலச்சிக்கல் இல்லாத எரிச்சல் குடல் (ஐ.பி.எஸ்.) நோயாளிகளுக்கு, வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டு, 1,260 பேரிடம் சோதித்து 2011-இல் வெளியான, ஒரே மாதிரி நடத்திய இரண்டு ஆய்வுகளில், நிவாரணம் கண்டவர்கள் மருந்துப் பக்கம் நூற்றுக்கு 41 பேர். வெற்று மாத்திரைப் பக்கம் 32 பேர். நோய் வேறு, அளவுகோல் வேறு என்பதால் இரண்டையும் நேராக ஒப்பிடக் கூடாது. ஆனாலும் மூச்சில் ஹைட்ரஜன் குறைவது ஒன்று, வயிற்றின் வேதனை தீர்வது இன்னொன்று என்பதை அந்த எண்கள் எனக்கு உணர்த்தின. அமெரிக்காவில் 2015-இல் அதற்கு அனுமதி கிடைத்ததும் வயிற்றுப்போக்கோடு கூடிய எரிச்சல் குடல் நோய்க்குத்தான். சிறுகுடல் பாக்டீரியாப் பெருக்கத்துக்கு அல்ல.

விலை உறுத்தியது. 550 மி.கி. மாத்திரை நாளுக்கு மூன்று வீதம் பதினான்கு நாளுக்கு 42 மாத்திரைகள். எங்கள் மருந்துக்கடையில் ஏறத்தாழ இரண்டாயிரம் ரூபாய். ஒருமுறை என்றால் தாங்கலாம், ஆண்டுக்கு மூன்று முறை என்றால் பல வீடுகளுக்கு அது முடியாத காரியம். அப்படிப்பட்ட வீட்டில், நரம்புக் கோளாறோ சர்க்கரை நோயோ இல்லாத நாற்பது வயதுக்காரருக்கு மெட்ரோனிடசோலைக் கொடுப்பதை நான் தவறென்று சொல்ல மாட்டேன்.

இன்னொரு கவலை நம் நாட்டுக்கே உரியது. ரிஃபாக்சிமின், காசநோய்க்கு முதுகெலும்பாக இருக்கும் ரிஃபாம்பிசினின் குடும்பத்தைச் சேர்ந்தது. நாள்பட்ட வயிற்றுப்போக்கும் எடைக் குறைவும் குடல் காசநோயின் அடையாளங்களும் ஆகும். காசநோயால் சுருங்கிய குடலுக்கு மேலே பாக்டீரியா தேங்குவதும் உண்டு. உள்ளே அந்த நோய் இருக்கும்போது அதே குடும்பத்து மருந்தைத் தனியாகக் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக, மருத்துவர் முன்கூட்டியே பெருங்குடலையும் சிறுகுடலின் கடைப்பகுதியையும் உள்நோக்கிக் கருவியால் பார்த்து, சதைத் துணுக்கும் எடுத்துச் சோதித்திருந்தார். இந்த ஒரு காரணத்துக்காகவாவது, 'வயிறு உப்பினால் ரிஃபாக்சிமின்' என்று கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிட வேண்டாம் என்று என் உறவினர் அனைவரிடமும் கெஞ்சிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை நான் ரிஃபாக்சிமின் என்று சொன்னபோது, மருத்துவர் தன் மனத்தில் இருந்ததும் அதுவே என்றார். அம்மாவோ இந்த விவாதத்தில் எல்லாம் கலந்துகொள்ளாமல், "மோர் குடிக்கலாமா டாக்டர்?" என்று மட்டும் கேட்டார். "தாராளமாகக் குடியுங்கள் அம்மா, வயிறு ஏற்றுக்கொள்ளும் அளவுக்கு" என்று பதில் வந்தது. பி12 ஊசியும் அன்றே தொடங்கியது. ஆறு நாள் வரை எந்த மாற்றமும் இல்லை. ஏழாம் நாள் வயிற்று உப்புசம் கூடியதுபோலக்கூட இருந்தது. ஒன்பதாம் நாள் மாலை, சாப்பிட்ட பிறகு புடவைக் கொசுவத்தைத் தளர்த்தாமல் உட்கார்ந்திருந்ததை நான்தான் முதலில் கவனித்தேன். பதினான்கு நாள் முடிந்தபோது ஐந்தாறு முறை போனது இரண்டு முறையாகக் குறைந்திருந்தது. ஐப்பசி முடிவதற்குள் மூன்று கிலோ ஏறினார். தீபாவளிக்கு அதிரசம் ஒன்றை முழுதாகச் சாப்பிட்டார்.

அந்த மகிழ்ச்சியின் நடுவிலும் ஓர் ஆய்வு என் மனத்தை அரித்துக்கொண்டிருந்தது. ரிஃபாக்சிமினால் குணமான 80 பேரைத் தொடர்ந்து பார்த்ததில், மூன்று மாதத்தில் நூற்றுக்கு 13 பேருக்கும், ஆறு மாதத்தில் 28 பேருக்கும், ஒன்பது மாதத்தில் 44 பேருக்கும் கோளாறு திரும்பியிருந்தது. முதிய வயது, குடல்வால் அறுவை, நெடுநாள் அமிலக் குறைப்பு மாத்திரை ஆகிய மூன்றும் திரும்பி வருவதோடு தொடர்புடையவை என்று அதில் கண்டிருந்தார்கள். மூன்றும் அம்மாவுக்கு இருந்தன. வயதையும் முடிந்துபோன அறுவையையும் மாற்ற முடியாது. கையில் இருந்தது கேஸ் மாத்திரை ஒன்றுதான். எட்டு ஆண்டுகளாக அதை ஏன் சாப்பிடுகிறார் என்று மருத்துவர் கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை. இரைப்பையில் புண் இல்லை, இரத்தக்கசிவு இல்லை, ஆஸ்பிரினும் சாப்பிடுவதில்லை. ஒரேயடியாக நிறுத்தினால் அமிலம் முன்னைவிட மிகுந்து சுரக்கும் என்பதால், ஒன்றுவிட்டு ஒருநாள், பிறகு வாரம் இருமுறை என்று ஆறு வாரத்தில் குறைத்தோம். அந்த ஆறு வாரமும் அம்மா நெஞ்செரிச்சலால் உண்மையாகவே அவதிப்பட்டார். தலைமாட்டில் கட்டிலை உயர்த்தியும், தாங்காத இரவுகளில் ஃபாமோடிடின் என்ற வேறு வகை அமிலக் குறைப்பு மாத்திரை கொடுத்தும் கடந்தோம்.

குடலைப் பெருக்கும் அலை காலி வயிற்றில்தான் வரும் என்பதால், இடைத் தீனி இல்லாமல் நான்கைந்து மணி நேர இடைவெளி விட்டுச் சாப்பிடுவது நல்லது என்றார்கள். கிளிமிபிரைடு சாப்பிடுகிறவர் அவ்வளவு நேரம் வெறும் வயிற்றோடு இருப்பது ஆபத்து. ஆகவே சர்க்கரை மருத்துவரிடம் போய் முதலில் அந்த மாத்திரையை மாற்றிக்கொண்டோம். இந்த ஓர் ஏற்பாட்டுக்கே மூன்று வாரம் ஆனது. குடலின் அசைவைத் தூண்ட இரவில் மிகக் குறைந்த அளவு எரித்ரோமைசின் கொடுக்கும் வழக்கமும் உண்டு. இதயத் துடிப்பின் ஒழுங்கை அது பாதிக்கக்கூடும் என்பதால் இப்போதைக்கு வேண்டாம் என்று மருத்துவர் தள்ளிவைத்தார். ஆன்டிபயாடிக்கே இல்லாமல் இரண்டு வாரம் முன்செரித்த திரவ உணவு மட்டும் கொடுக்கும் முறையில் நூற்றுக்கு 80 பேருக்குப் பரிசோதனை இயல்பானது என்று 2004-இல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. ஏற்கெனவே இளைத்துப்போன சர்க்கரை நோயாளியிடம் அதை முயல யாரும் விரும்பவில்லை.

தை மாதக் கடைசியில் தொல்லை திரும்பியது. முன்பு போல் கடுமையாக இல்லை. ஆனால் பொங்கலுக்குப் பின் இரண்டு வாரத்தில் ஒன்றரை கிலோ குறைந்தது. இம்முறை கேள்வி வேறு: அதே மருந்தா, வேறா? மருந்தை மாற்றிமாற்றிக் கொடுத்தால் கிருமிகள் பழகிக்கொள்ளாது என்பது பழைய வழக்கம். மாதத்துக்கு ஒன்றாக மூன்று நான்கு ஆன்டிபயாடிக்குகளைச் சுழற்றுவார்கள். ரிஃபாக்சிமினுக்குப் பலன் கண்டு பின்னர் நோய் திரும்பிய எரிச்சல் குடல் நோயாளிகளுக்கு அதையே மறுபடி கொடுத்துப் பார்த்த 2016-ஆம் ஆண்டு ஆய்வில், மருந்துப் பக்கம் 38 பேரும் வெற்று மாத்திரைப் பக்கம் 31 அல்லது 32 பேரும் நூற்றுக்குப் பலன் பெற்றார்கள். வேறுபாடு சிறிது, ஆனால் மருந்து செயலிழந்துவிடவில்லை. மறுபுறம், 2024-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆராய்ச்சியோ, கல்லீரல் நோய்க்காக ரிஃபாக்சிமினை நீண்டகாலம் எடுத்தவர்களின் குடலில், கடைசிக் கை மருந்தாக வைத்திருக்கும் டாப்டோமைசினுக்கும் அடங்காத எண்டெரோகாக்கஸ் கிருமிகள் உருவாவதைக் காட்டியது. பதினான்கு நாள் எடுப்பதும் மாதக்கணக்கில் எடுப்பதும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். என்றாலும், குடலுக்குள்ளேயே நின்றுவிடும் மருந்தால் வெளியே யாருக்கும் தீங்கில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது தவறு.

இரண்டையும் எடுத்துச் சொன்னபோது மருத்துவர் நெடுநேரம் அம்மாவின் எடைக் குறிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் சுற்று ஐந்து மாதம் நின்றது என்பதால், அதே மருந்தை இன்னொரு முறை கொடுப்பதில் நியாயமிருக்கிறது என்றார். ஆனால் மாதாமாதம் கொடுக்க மாட்டேன் என்றும், மூன்று மாதத்துக்குள் மறுபடி வந்தால் மருந்துச் சீட்டு எழுதுவதற்கு முன் சிறுகுடலை ஸ்கேன் எடுத்துப் பைபோலப் பிதுங்கிய இடமோ சுருக்கமோ இருக்கிறதா என்று பார்ப்போம் என்றும் சொன்னார். மாசியில் இரண்டாம் சுற்று முடிந்தது. இப்போது பங்குனி, அம்மா 54 கிலோ இருக்கிறார். நாட்காட்டியில் ஒவ்வொரு நாளின் கட்டத்திலும் எத்தனை முறை போனார் என்று பென்சிலால் அவரே குறித்துவைக்கிறார். நேற்றைய கட்டத்தில் ஒன்று என்று இருக்கிறது. அடுத்து மருத்துவரைப் பார்க்க வேண்டிய நாள் வைகாசி இரண்டாம் வாரம்.